பர்சனல் கம்ப்யூட்டர் வரலாறு: எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது, எதைப் படிப்பது

கம்ப்யூட்டர் வரலாறு படிக்க ஆசைப்படும் பலர் முதலில் கையில் எடுப்பது வால்டர் ஐசக்சன் எழுதிய ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றைத்தான். 2011-ல் வந்த புத்தகம். தேடி அலைய வேண்டியதில்லை, விறுவிறுப்பாகவும் போகும். ஆனால் அதில் தொடங்கினால் ஒரு சிக்கல். ஜாப்ஸ்தான் நாயகன், பில் கேட்ஸ் எதிராளி, மற்றவர்கள் வந்துபோகிறவர்கள் என்று மனதில் பதிந்துவிடும். அப்புறம் எதைப் படித்தாலும் அதற்குள்ளேயே பொருத்திப் பார்ப்போம். ஆல்டேர் என்ற கம்ப்யூட்டரைச் செய்த எட் ராபர்ட்ஸ், சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால், விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளைத் தந்த டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் கண்ணில் படவே மாட்டார்கள். இவர்கள் இல்லாமல் இந்த வரலாறே இல்லை.

அதனால்தான் வரிசையோடு சொல்கிறேன். அதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் கதையை எழுதியவர்களிலும் கேமரா முன்னால் சொன்னவர்களிலும் பலர் அதில் நேரடியாகப் பங்கெடுத்தவர்கள். காசு பார்த்தவர்களும் உண்டு, ஏமாந்தவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் "இதைச் சொல்வது யார், சம்பவம் நடந்தபோது இவர் எங்கே இருந்தார்" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

முதலில் ஒரு தாளில் ஐந்து ஆண்டுகள்

படிக்கத் தொடங்கும் முன் ஐந்து ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1975: பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் ஜனவரி அட்டையில் ஆல்டேர் 8800 வருகிறது. 1977: ஆப்பிள் II, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் ஒரே ஆண்டில் கடைக்கு வருகின்றன. 1979: விசிகால்க் வருகிறது, கணக்குப் போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் வாங்க ஆரம்பிக்கிறார்கள். 1981: ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி அறிமுகமாகிறது. 1984: ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ்.

இந்த ஐந்தும் நினைவில் இருந்தால் போதும். புத்தகங்கள் முன்னும் பின்னும் தாவும்போது எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

அடுத்து ஒரு ஆவணப்படம்

புத்தகத்துக்கு முன்னால் முகங்களையும் குரல்களையும் பார்த்துவிடுவது நல்லது. அதற்கு "ட்ரையம்ஃப் ஆஃப் தி நெர்ட்ஸ்" போல இன்னொன்று இல்லை. 1996-ல் வந்த மூன்று பகுதித் தொடர். நடத்துகிறவர் ராபர்ட் எக்ஸ். கிரிஞ்ச்லி. அது புனைபெயர். கணினித் துறை வாரஇதழான இன்ஃபோவேர்ல்டில் பத்தி எழுதியவர். 1992-ல் அவர் எழுதிய "ஆக்சிடென்டல் எம்பயர்ஸ்" புத்தகம்தான் தொடருக்கு அடிப்படை.

இதன் பலம், எடுக்கப்பட்ட காலம். ஜாப்ஸ் அப்போது ஆப்பிளில் இல்லை, நெக்ஸ்ட் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். மைக்ரோசாஃப்ட் உச்சியில் இருந்தது. யாருக்கும் சிலை வைத்து முடியவில்லை, அதனால் எல்லோரும் வெளிப்படையாகப் பேசுகிறார்கள். ஓரிடத்தில் மைக்ரோசாஃப்ட்டின் ஸ்டீவ் பால்மர், ஐபிஎம்மோடு சேர்ந்து வேலை செய்த நாட்களைப் பற்றிக் கொதிக்கிறார். ஐபிஎம்மில் ஆயிரம் வரி நிரலுக்கு இவ்வளவு என்று அளப்பார்களாம். அதே வேலையைக் குறைந்த வரிகளில், வேகமாக ஓடும்படி ஒருவர் எழுதிவிட்டால் அவருக்குக் காசு குறைய வேண்டுமா என்பது அவர் கேள்வி. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொடருக்காக 1995-ல் ஜாப்ஸ் கொடுத்த நீண்ட பேட்டியில் சில நிமிடங்களே பயன்பட்டன. மூல நாடாக்கள் லண்டனிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் வழியில் தொலைந்துபோயின. பல ஆண்டுகள் கழித்து இயக்குநர் பால் சென்னின் வீட்டுக் கராஜில் ஒரு விஎச்எஸ் நகல் கிடைத்தது. அதுதான் "ஸ்டீவ் ஜாப்ஸ்: தி லாஸ்ட் இன்டர்வியூ". தொடரை முடித்த கையோடு பாருங்கள். ஜாப்ஸைப் பற்றி அடுத்தவர் எழுதிய ஆயிரம் பக்கத்தைவிட, ஆப்பிளுக்குத் திரும்பிப் போவோமா என்றே தெரியாத நிலையில் அவர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்பது மேல் என்பது என் எண்ணம்.

முதல் புத்தகம்

"ஃபயர் இன் தி வேலி". எழுதியவர்கள் பால் ஃப்ரைபெர்கர், மைக்கேல் ஸ்வெய்ன். இருவரும் இன்ஃபோவேர்ல்டு நிருபர்கள். முதல் பதிப்பு 1984-ல் வந்தது. நடந்தது ஆறிப்போகும் முன்பே ஆட்களை நேரில் பார்த்துக் கேட்டு எழுதியதால் வேறெங்கும் கிடைக்காத சின்னச் சின்ன நிறுவனங்களும் தோற்றுப்போனவர்களும் இதில் இருக்கிறார்கள். 2014-ல் மூன்றாம் பதிப்பு வந்தது, கிடைத்தால் அதை வாங்கலாம். பழைய பதிப்பு கிடைத்தாலும் விட வேண்டாம். 1984-ல் யாருக்கும் முடிவு தெரியாது என்பதே அதற்கு ஒரு தனிச் சுவை.

இதில் ஆல்டேர் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகெர்க்கியில் எம்ஐடிஎஸ் என்ற சின்ன நிறுவனம், கடனில் மூழ்கும் நிலையில் அதை வெளியிட்டது. 400 டாலருக்கும் குறைவான விலைக்குப் பெட்டி நிறையப் பாகங்கள் வரும், வாங்கியவர்தான் பற்றவைத்து முடிக்க வேண்டும். விசைப்பலகை கிடையாது, திரை கிடையாது. நினைவகம் 256 பைட். முன்பக்கத்தில் வரிசையாகச் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டும். ஒரு கட்டளையை உள்ளே அனுப்ப எட்டுச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, டெபாசிட் என்ற சுவிட்சைத் தட்ட வேண்டும். அடுத்த கட்டளைக்கு மறுபடியும் அதே வேலை. இப்படி ஒரு சின்ன நிரலை ஏற்றி முடித்தால், விடை விளக்குகள் எரிவதிலும் அணைவதிலும் தெரியும். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்காகத்தான் ஆயிரக்கணக்கானவர்கள் பணம் அனுப்பிவிட்டுத் தபாலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த ஆசை புரியாமல் அப்புறம் வருகிற எதுவும் புரியாது. அதனால்தான் ஜாப்ஸிலிருந்து தொடங்க வேண்டாம் என்கிறேன்.

கூடவே "ஹேக்கர்ஸ்"

ஸ்டீவன் லெவி எழுதியது, இதுவும் 1984. மூன்று பாகம். எம்ஐடி மாணவர்கள் பெரிய எந்திரங்களோடு விளையாடிய காலம் முதல் பாகம். கலிபோர்னியாவின் ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் இரண்டாவது. விளையாட்டு எழுதி விற்ற இளைஞர்கள் மூன்றாவது. நேரம் குறைவு என்றால் நடுப்பாகத்தை மட்டும் படித்தாலும் போதும்.

1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கோர்டன் ஃபிரெஞ்ச் வீட்டுக் கராஜில் கூடிய கிளப் அது. ஜாப்ஸோடு ஆப்பிளைத் தொடங்கிய வோஸ்னியாக் அங்கே தான் செய்த கம்ப்யூட்டர் பலகையைக் காட்டி, வரைபடத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதே கிளப்பில்தான் மைக்ரோசாஃப்ட்டைத் தொடங்கிய கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய பேசிக் நிரல்மொழியின் காகித நாடா படியெடுக்கப்பட்டுக் கைமாறியது. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்களில் பெரும்பாலானவர்கள் மென்பொருளைத் திருடுகிறீர்கள், இப்படிப் போனால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார்கள் என்று கேட்டார். கடிதம் ஒரு பக்கம்தான், இணையத்தில் கிடைக்கிறது. லெவியின் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அதைப் படியுங்கள். லெவியின் மனம் கிளப்காரர்கள் பக்கம் சாய்ந்திருப்பது தெரியும். கேட்ஸின் பக்கத்தை அறிய அவர் 2025-ல் எழுதிய "சோர்ஸ் கோட்" இருக்கிறது. அது மைக்ரோசாஃப்ட்டின் தொடக்கக் காலத்தோடு நின்றுவிடுகிறது. பால் ஆலனின் "ஐடியா மேன்" (2011) அதே நாட்களை வேறு கோணத்தில் சொல்கிறது. கூட்டாளிகள் இருவரும் பங்குப் பிரிவினையைப் பற்றி எழுதியிருப்பதை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், நான் மேலே சொன்ன பழக்கம் தானாக வந்துவிடும்.

ஒரே சம்பவம், பல வாய்கள்

இதுவரை வந்தவர்கள் இந்தப் பயிற்சியைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

1980-ல் ஐபிஎம் தன் பிசிக்கு ஓர் இயங்குதளம் தேடியது. அப்போது சந்தையில் பரவலாக இருந்தது கேரி கில்டாலின் சிபி/எம். ஐபிஎம் ஆட்கள் கலிபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் ஊரிலிருந்த அவர் நிறுவனமான டிஜிட்டல் ரிசர்ச்சுக்கு வந்தார்கள். ஒப்பந்தம் ஆகவில்லை. வாய்ப்பு மைக்ரோசாஃப்ட்டுக்குப் போனது. மைக்ரோசாஃப்ட்டிடமும் இயங்குதளம் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதியிருந்ததை முதலில் உரிமம் பெற்று, 1981-ல் முழுதாக வாங்கி, ஐபிஎம்முக்குக் கொடுத்தது.

இவ்வளவும் எல்லோரும் ஒத்துக்கொள்வது. அன்று என்ன நடந்தது என்பதில்தான் சண்டை. ஐபிஎம் வாசலில் நிற்கும்போது கில்டால் விமானம் ஓட்டிப் பொழுதுபோக்கப் போய்விட்டார் என்பது ஊரெல்லாம் பரவிய கதை. "ட்ரையம்ஃப்" தொடரில் ஐபிஎம்மின் ஜாக் சாம்ஸ் தன் பக்கத்தைச் சொல்கிறார். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கில்டாலின் மனைவி டாரதி கையெழுத்துப் போடத் தயங்கினார், பேச்சு அங்கேயே நின்றது என்பது அவர் நினைவு. பதில் சொல்லக் கில்டால் இல்லை, 1994-லேயே இறந்துவிட்டார்.

ஆனால் அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். "கம்ப்யூட்டர் கனெக்ஷன்ஸ்" என்ற அந்த நினைவுக்குறிப்பின் முதல் பகுதியைக் குடும்பத்தாரின் அனுமதியோடு மவுன்டன் வியூவிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் 2016-ல் இணையத்தில் வெளியிட்டது. இலவசம். அதைப் படித்தால் வணிகத்தைவிட வகுப்பறையையும் நிரல் எழுதும் சுகத்தையும் பெரிதாக நினைத்த ஒருவரைப் பார்ப்பீர்கள். ஹெரால்டு எவன்ஸ் 2004-ல் "தே மேட் அமெரிக்கா" என்ற புத்தகத்தில் கில்டாலுக்காக வாதாடி ஒரு அத்தியாயமே எழுதினார். அது தன்னை இழிவுபடுத்துகிறது என்று பேட்டர்சன் வழக்குத் தொடுத்தார், 2007-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

விமானக் கதை எவ்வளவு தூரம் உண்மை என்பதைவிட, எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு விலைப்பட்டியல். ஐபிஎம் கடைசியில் சிபி/எம்மின் பிசி பதிப்பான சிபி/எம்-86-ஐயும் விற்கத்தான் செய்தது. விலை 240 டாலர். பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் கொடுத்த பிசி டாஸ் 40 டாலர். வாங்குகிறவர் எதை எடுப்பார்? கில்டால் அன்று எங்கே பறந்தார் என்று பேசுகிறவர்கள் பலர் இந்த இரண்டு எண்களைச் சொல்வதில்லை.

இனி உங்கள் விருப்பம்

இங்கிருந்து பாதை பிரிகிறது. பிடித்ததை எடுக்கலாம்.

மவுஸ், விண்டோ, ஐகான் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிய வேண்டுமா? 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக் எங்கெல்பார்ட் காட்டிய 90 நிமிடச் செயல்விளக்கத்தின் படச்சுருள் முழுதாகவே இணையத்தில் இருக்கிறது. முதல் இருபது நிமிடம் பாருங்கள், மீதியை நீங்களே விடமாட்டீர்கள். அடுத்து மைக்கேல் ஹில்ட்ஸிக்கின் "டீலர்ஸ் ஆஃப் லைட்னிங்" (1999). ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் கதை. ஜெராக்ஸ் கையில் இருந்த புதையலைத் தெரியாமல் தொலைத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையை இவர் அப்படியே ஏற்பதில்லை. அங்கே பிறந்த லேசர் பிரிண்டர் ஒன்றே ஆய்வகத்துக்குப் போட்ட காசைவிடப் பல மடங்கு சம்பாதித்துக் கொடுத்தது என்று காட்டுகிறார்.

மெக்கின்டாஷ் எப்படி உருவானது என்பதற்கு ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதிய "ரெவல்யூஷன் இன் தி வேலி" (2004). மெக் குழுவில் இருந்து நிரல் எழுதியவரே சொல்லும் குட்டிக் குட்டிக் கதைகள். ஃபோக்லோர் என்ற அவருடைய இணையதளத்தில் அவற்றை இலவசமாகவே படிக்கலாம். ஆங்கிலம் வேகமாக வராதவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன், ஒரு கதை இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். அதில் ஒன்று: ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் குழுவில் ஒவ்வொரு வாரமும் எத்தனை வரி எழுதினீர்கள் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் படம் வரையும் நிரலை மாற்றியமைத்து, ஆறு மடங்கு வேகமாக்கி, நீளத்தையும் குறைத்திருந்தார். படிவத்தில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். மேலே சொன்ன பால்மரின் கோபத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். போட்டி நிறுவனங்களின் ஆட்கள், அவர்களுக்குள் ஆயிரம் பகை, ஆனால் இதில் இருவரும் ஒரே பக்கம்.

ஐபிஎம் பிசியை எல்லோரும் எப்படி நகலெடுத்தார்கள் என்பதற்கு "சிலிக்கான் கௌபாய்ஸ்" (2016) என்ற ஆவணப்படம். ஹூஸ்டனில் 1982-ல் மூன்று பேர் தொடங்கிய காம்பாக் நிறுவனத்தின் கதை. கம்ப்யூட்டரை இயக்கியதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல் பயாஸ். ஐபிஎம்மின் பயாஸைப் பார்த்து எழுதினால் வழக்கு வரும். எனவே ஒரு குழு அது என்ன செய்கிறது என்பதை மட்டும் குறிப்பெடுத்தது, அந்த நிரலைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. விற்பனைக்கு வந்த முதல் ஆண்டான 1983-ல் 111 மில்லியன் டாலர் வியாபாரம். நம் மேசையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வந்ததற்கான வழி அங்கே திறந்தது. நிறுவனர் ராட் கேனியன் எழுதிய "ஓப்பன்" (2013) என்ற புத்தகமும் உண்டு, படம் பார்த்தவர்களுக்கு அது அவசியமில்லை.

டிரேசி கிடரின் "தி சோல் ஆஃப் எ நியூ மெஷின்" (1981) எல்லாப் பட்டியலிலும் வரும். புலிட்சர் பரிசு பெற்றது, அருமையான எழுத்து. ஆனால் அது டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் மினி கம்ப்யூட்டர் பற்றியது, அது நிறுவனங்கள் வாங்கும் பெரிய எந்திரம், பர்சனல் கம்ப்யூட்டர் அல்ல. தெரிந்து வாங்குங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் கதை உண்டு. பிரிட்டனில் பிபிசி 1980-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு சேர்த்து ஒரு கம்ப்யூட்டரையே கொண்டுவந்தது. அந்த நிகழ்ச்சிகளைத் தன் கம்ப்யூட்டர் லிட்டரசி புராஜெக்ட் ஆவணத் தளத்தில் வைத்திருக்கிறது. 1984-ல் இந்தியப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் கிளாஸ் திட்டம் தொடங்கியபோது வந்தது இதே பிபிசி மைக்ரோதான். இந்தியப் பக்கத்துக்கு தினேஷ் சி. சர்மாவின் "தி லாங் ரெவல்யூஷன்" (2009) நல்ல தொடக்கம். 1978-ல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனதும், அந்த இடத்தில் உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்ததும் அதில் விரிவாக இருக்கின்றன. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் 1955 முதல் 2010 வரையிலான இந்தியக் கணினி வரலாற்றைச் சுருக்கமாக எழுதிய நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

மேலே உள்ளவை எல்லாம் கம்ப்யூட்டரைச் செய்தவர்களின் கதை. வீட்டுக்கு வாங்கிப் போனவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதைக் கேட்கும் புத்தகம் லெய்ன் நூனியின் "தி ஆப்பிள் II ஏஜ்" (2023). ஐந்து மென்பொருள்களை எடுத்துக்கொண்டு கதை சொல்கிறது. அதில் விசிகால்க் உண்டு, நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைக்கும் ஒன்றும் உண்டு, வாழ்த்து அட்டை அச்சடிக்கும் ஒன்றும் உண்டு. மேதைகளின் புகழ் பாடாமல் எழுதப்பட்ட வரலாறு. இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

அந்தக் காலத்தை அன்றன்றைக்கு நடந்தபடியே பார்க்க "தி கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ்" இருக்கிறது. ஸ்டூவர்ட் ஷெஃபே 1983 முதல் 2002 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நடத்திய நிகழ்ச்சி. முதல் சில ஆண்டுகள் கூட உட்கார்ந்து நடத்தியவர் அதே கேரி கில்டால். தோற்றுப்போனவர் என்று எல்லோரும் எழுதிய மனிதர், வந்த விருந்தாளியின் மென்பொருளை நிதானமாக ஆராய்ந்து, பொறாமை இல்லாமல் கேள்வி கேட்கிறார். நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகள் இன்டர்நெட் ஆர்கைவில் இலவசம். பைட் இதழின் பழைய பிரதிகளும் அங்கேயே இருக்கின்றன. கட்டுரையோடு விளம்பரங்களையும் பாருங்கள், அப்போது எது என்ன விலை என்று அதில்தான் தெரியும்.

விசிகால்க்கின் ஐபிஎம் பிசி பதிப்பை டான் பிரிக்லினே தன் தளத்தில் வைத்திருக்கிறார். முழு நிரலும் 28 கேபிக்குள். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஒரு எண்ணை மாற்றினால் கீழே மொத்தம் தானாக மாறும். பென்சிலும் ரப்பரும் வைத்துத் தாளில் கணக்குப் போட்டவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதைப் புத்தகம் சொல்வதைவிட அது சொல்லும்.

கடைசியில் நாடகங்கள்

"பைரேட்ஸ் ஆஃப் சிலிக்கான் வேலி" (1999), பிபிசியின் "மைக்ரோ மென்" (2009), "ஹால்ட் அண்ட் கேட்ச் ஃபயர்" (2014 முதல் 2017 வரை) மூன்றுமே நன்றாக இருக்கும். முதலாவது "ஃபயர் இன் தி வேலி" புத்தகத்தை வைத்து எடுத்தது, இரண்டாவது சின்க்ளேர், ஏகார்ன் என்ற பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் நிறுவனங்களின் போட்டி, மூன்றாவது முழுக்கக் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால் இவற்றை முதலில் பார்த்தால் கற்பனை வசனம் எது, நிஜம் எது என்று பிரிக்க முடியாது. மேலே உள்ளவற்றில் பாதியாவது முடித்துவிட்டுப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னும் வேண்டும் என்று தோன்றினால், கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்புக்குப் போங்கள். பொறியாளர்கள், விற்பனையாளர்கள், நிரலர்கள் என்று பலரை உட்காரவைத்து மணிக்கணக்கில் கேட்டுப் பதிவுசெய்து, பிடிஎஃப் ஆகப் போட்டிருக்கிறார்கள். பெரிய பெயர்களைத் தேடாதீர்கள். படித்த புத்தகங்களில் இரண்டு வரியில் வந்துபோன ஒரு பெயரை எடுத்து, அதைத் தேடல் பெட்டியில் போடுங்கள்.